கொடிக்கு உரியவரே விசாரிப்பார்

ஏழு கடலையும் பெரிய நாடுகள் பங்கு போட்டுக்கொண்ட பிறகு மிஞ்சிய துண்டுக் கடலோரத்தில் நுரைநாடு என்றோர் அரசு இருந்தது. அங்கே ஒரு வள்ளத்தை வைத்துக்கொண்டு நண்டு பிடித்துப் பிழைத்தவள் ரொசாரி. யார் எதைச் சொன்னாலும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் கேட்பாள்.

ஒருநாள் காலையில் வலையை இழுத்தால், நண்டெல்லாம் தார் பூசிக்கொண்டு வந்தன. எதிரே நின்ற பெரிய கப்பல், கழிவெண்ணெயைக் குழாய் வழியாகக் கடலில் விட்டுக்கொண்டிருந்தது. ரொசாரி வள்ளத்தை அதன் பக்கம் திருப்பினாள். கிட்டப் போய் அந்த எண்ணெயை ஒரு குடம் மொண்டுகொண்டு, நேரே கடல் அமைச்சரிடம் போய் நின்றாள்.

அமைச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "அந்தக் கப்பலில் பறப்பது கல்மலை நாட்டுக் கொடி. எவருடைய கொடியோ அவரே விசாரிப்பார். இது உலக ஒப்பந்தம்."

"கல்மலையா? அங்க கடலே கெடையாதேய்யா!"

"கடல் இல்லாததால்தான் பாரபட்சமின்றி விசாரிக்கிறார்கள்."

"நல்லா விசாரிப்பாங்க! அந்தக் கப்பல்காரன் கல்மலையக் கண்ணால பாத்திருப்பானா? கொடிய வெலைக்கு வாங்கிக் கட்டியிருப்பான். எனக்கு என்னமோ சரியாப் படல."

அவளுடைய சந்தேகத்தை விட்டுவிட்டுப் புகாரை மட்டும் கல்மலைக்கு அனுப்பிவைத்தார் அமைச்சர். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. கப்பலின் எண்ணெய்ப் பதிவேட்டைக் கல்மலையார் வரிவரியாக ஆராய்ந்தார்களாம். ஒரு சொட்டும் சிந்தியதாகக் கப்பல் தலைவர் அதில் எழுதவில்லையாம். ஆகவே சிந்தவில்லை. அதற்குள் கரையோரத்தில் பேருக்குக்கூட நண்டு இல்லை.

"இருப்பினும் கடலில் எண்ணெய் இருக்கிறதே," என்றார் அமைச்சர், மிகுந்த மனவருத்தத்துடன். "எவரையாவது விசாரித்தாக வேண்டும். அன்று எண்ணெயோடு கரைக்கு வந்தது உன் வள்ளம். அரசாணையை மதித்து நம் நாட்டுக் கொடியையும் கட்டியிருந்தாய். எனவே நாம் தண்டிக்கக்கூடிய கலம் அது ஒன்றுதான்."

வள்ளத்தைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள்.

"அடப்பாவிகளா! அதுவும் போச்சுன்னா நான் எதத் தின்னு வாழ?" என்று கதறியபடி, அரசரிடமே முறையிட ஓடினாள் ரொசாரி. அரண்மனை வாசலில் ஒரு காவலர் ஏணியில் ஏறி, நுரைநாட்டுக் கொடியை இறக்கிவிட்டுக் கல்மலைக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இது என்னய்யா கூத்து?"

காவலர் மேலிருந்து குனிந்து பார்த்தார். "மகாராஜா மேல ஏகப்பட்ட புகாரும்மா. இனிமே எல்லாத்தையும் கல்மலைக்கே எழுதிப் போடச் சொல்லிட்டாங்க."