ஜெர்மன் காருக்கு வெள்ளிக்கிழமை வரும் வியாதி

ஓசூர்,
ஐப்பசி மாதம், புதன்கிழமை காலை.

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை விமல்ராஜ் அவர்களுக்கு, மாமனார் சௌந்தரராஜன் ஆசி கூறி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை பேச்சியம்மாளும் தங்கள் துணைவி ஸ்வாதியும் அவள் வயிற்றில் இருக்கும் சின்னவரும் சௌக்கியம். அங்கே ஜெர்மனியில் தாங்களும் தங்கள் குளிர் கோட்டும் சௌக்கியமாக இருக்க குலதெய்வம் துணை நிற்கட்டும். உங்கள் கார் மட்டும் சௌக்கியமில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனை எடுத்தாலே ஸ்வாதி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். ஒன்பதாம் மாதம், அவள் காதில் விழக்கூடாத விஷயம் இது. உங்கள் ஆபீஸ் காவேரி ஞாயிற்றுக்கிழமை அங்கே வரப் பிளேன் ஏறுகிறாராம், அவரிடம் பருப்புப் பொடியோடு சேர்த்து இந்தக் கடிதத்தையும் கொடுத்து அனுப்புகிறேன். முதலில் பொடியைப் போட்டு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் கடிதத்தைப் பிரிக்கவும்.

ஆபீஸ் வேலையாக நீங்கள் கிளம்பும்போது, "மாமா, எந்த நேரத்துல வலி வந்தாலும் டாக்சிக்குக் காத்துக்கிட்டு நிக்க வேணாம், நம்ம காரை விட்டுட்டுப் போறேன், கர்நாடகா பார்டர் தாண்டி நம்ம டாக்டர்கிட்ட நீங்களே கூட்டிட்டுப் போயிருங்க" என்று சாவியை என் கையில் கொடுத்தீர்கள். ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டி மூன்றாவதாக உங்களிடம் வந்த வண்டி என்றாலும் ஜெர்மன் வண்டியாயிற்றே, எனக்கு ஒரே பெருமை. காரை ஓசூருக்கு அனுப்பிவிட்டு, வாங்கினவரை ஜெர்மனிக்கு அனுப்பிவைத்த அந்த ஆண்டவனின் பிளான் மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நீங்கள் கிளம்பின மூன்றாம் நாள் ஆயுத பூஜை. உங்களுக்கே தெரியும், சிப்காட்டில் முப்பத்தொரு வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான், எங்கள் ஷாப்பில் பூஜை அன்றைக்குப் பொட்டு வைக்கிற டிபார்ட்மென்டே என்னுடையதுதான். பெரிய பிரஸ்ஸிலிருந்து முதலுதவிப் பெட்டி வரைக்கும் ஒரு சாமானையும் விட்டதில்லை. மாப்பிள்ளை வண்டிக்கு விடுவேனா? முன் பம்பரில் வரிசையாக நாலு வட்டம், பின் பம்பரில் நாலு வட்டம், பொட்டு வைக்கவே அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது, எட்டுக்கும் சந்தனம் குழைத்துத் தடவி நடுவில் குங்குமம் வைத்தேன். முன்னாடி நடுவில் இருக்கிற கம்பெனி முத்திரைக்குக் கெட்டியாக ஒரு அப்பு அப்பினேன். பின்னாடி நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒரு சின்னக் கண் இருந்தது, அதையும் விடவில்லை. முன் கண்ணாடியில் மேலாக்க நடுவில் மூணு பட்டை விபூதி. அன்றோடு நிறுத்தவில்லை, வெள்ளிக்கிழமை தவறாமல் காலையில் குளித்துவிட்டு எல்லாவற்றையும் புதுப்பித்துக்கொண்டு வருகிறேன். மாமா பொறுப்பில்லாமல் இருந்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

இவ்வளவு மரியாதை பண்ணியும் அந்த வண்டி என்னை மதிக்கவில்லை மாப்பிள்ளை. பூஜை முடிஞ்சு எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி இறக்கலாம்னு ஸ்டார்ட் பண்ணேன், கீ கீ கீன்னு கத்த ஆரம்பிச்சுது. முன்னாடி யாருமில்லை, பின்னாடி யாருமில்லை, எங்க காம்பவுண்டு கேட் கூட இருபதடி தள்ளி நிக்குது. அது பாட்டுக்குக் கத்துது. சொட்டு மழை கிடையாது, வைப்பர் தானா எழுந்திருச்சு ஆடி என் விபூதியை அழிச்சுக் கண்ணாடி பூரா மெழுகி விட்டுச்சு. பின்னாடி போகும்போது படம் காட்டற டிவி இருக்கே, அது மஞ்சக் காமாலை வந்த மாதிரி பூரா மஞ்சளாத் தெரியுது. இதெல்லாம் போதாதுன்னு ஸ்டியரிங்குக்குப் பின்னாடி இங்கிலீஷ்ல எழுதிக் காட்டுது, சென்சாரைத் துடைக்கவும்னு. துடைன்னு சொன்னவன் எங்க இருக்குன்னு சொல்லணுமா வேணாமா? நான் டேஷ்போர்டைத் துடைச்சேன், சீட்டைத் துடைச்சேன், பேனட்டைத் திறந்து இன்ஜினை ஒத்தி ஒத்தி எடுத்தேன். மறுபடியும் துடைக்கவும்னே காட்டுது. கடைசியில என் மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டேன்.

ராயக்கோட்டை ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் ஜுபைரை உங்களுக்குத் தெரியும், இருபது வருஷமாக நம் வீட்டு வண்டிகளைப் பார்க்கிறவன், உங்கள் கல்யாணத்துக்குப் பந்தியில் நின்று பரிமாறினவன். அவன்கிட்டதான் முதல்ல கொண்டுபோனேன். ஸ்கேனரை மாட்டினான், பதினாலு ஃபால்ட்டு காட்டுச்சு. எல்லாத்தையும் அழிச்சான், வீடு வந்து சேர்றதுக்குள்ள பதினாலும் திரும்பி வந்துருச்சு. மறுபடியும் போனேன். வண்டியை ரெண்டு சுத்து சுத்தி வந்தான், பம்பருக்கு முன்னாடி குத்த வெச்சு உட்கார்ந்தான், கழுத்தைச் சொறிஞ்சான், என் மூஞ்சியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "அண்ணே, வண்டியை நல்லா ஒரு தடவை தேய்ச்சுக் கழுவிப் பாருங்களேன்"ங்கறான். எப்படி இருக்கு கதை! ஒரு தூசி ஒட்டியிருந்தாலே பார்ட்டைத் திருப்பி அனுப்புன ஆளு நானு, என்கிட்ட வந்து கழுவுங்கங்கறான். தினம் காலையில கழுவறேன்டா, பொட்டு மேல ஒரு சொட்டுத் தண்ணி படாம சுத்திச் சுத்தி எவ்வளவு பக்குவமாக் கழுவறேன், பார்க்கறவங்களைக் கேட்டுப் பாருன்னேன். மூணாந்தடவை போனப்பவும் அதே கழுவல் பாட்டு. எனக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு, "வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுடா"ன்னு நாலு பேர் முன்னாடி கேட்டுட்டேன். அவன் ஸ்கேனரைச் சுருட்டி எடுத்துக்கிட்டான். உள்ள போய்ட்டான். அன்னையிலிருந்து நான் அந்தப் பக்கம் போறதில்லை.

அப்புறம் அத்திப்பள்ளி தாண்டி ஒரு ஸ்பெஷலிஸ்ட். ஜெர்மன் வண்டி மட்டும்தான் பார்ப்பாராம். ஏசி ரூமை விட்டு எழுந்தே வரலை, ஒரு வயரை ஜன்னல் வழியா வெளியே விட்டு லேப்டாப்பைப் பார்த்தார். "எல்லா சென்சாரும் போயிருக்கு சார், ரேடாரும் போயிருக்கு, மொத்தமா மாத்திடலாம், ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆகாது சார்" என்றார். எல்லா சென்சாரும் ஒரே நாள்ல எப்படிங்க போகும், ஒண்ணுக்கொண்ணு பேசி வெச்சுக்கிட்டா போகும்னு கேட்டேன். ஜெர்மன் வண்டி அப்படித்தானாம். கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் கிருஷ்ணகிரி எல்லப்பன், வண்டி எலக்ட்ரீஷியன், நல்ல பக்திமான். காரைப் பார்த்ததும் செருப்பைக் கழட்டிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். "பூஜைன்னா இப்படிப் பண்ணணும் சார், இப்பல்லாம் யார் இவ்வளவு நேர்த்தியா வெக்கறாங்க"ன்னான். எனக்குக் கண்ணே கலங்கிப் போச்சு. பேட்டரி முனையைச் சுரண்டி மாட்டினான், பெரும் கண்ணேறு பட்டிருக்குன்னு சொல்லி அவன் பங்குக்கு எல்லாப் பொட்டு மேலயும் இன்னும் கொஞ்சம் கெட்டியா அப்பி விட்டான். வர்ற வழி பூரா வண்டி மூச்சு விடாமக் கத்துச்சு.

ஆனாலும் நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. கட்டம் போட்ட தாளில் தினம் எத்தனை தடவை கத்துகிறது என்று குறித்துவைத்து சார்ட் போட்டிருக்கிறேன். அதில் ஒரு அதிசயம் பாருங்கள். வெள்ளிக்கிழமை காலையில் உச்சத்துக்குப் போகிறது, சனி ஞாயிறும் அப்படியே, திங்களுக்கு மேல் மெல்ல இறங்கி, வியாழக்கிழமை கொஞ்சம் அடங்குகிறது, மறுபடி வெள்ளிக்கிழமை ஏறிவிடுகிறது. அஞ்சு வாரமாக இதே கதை. இது வெள்ளிக்கிழமை வரும் வியாதி என்பது வரைக்கும் கண்டுபிடித்துவிட்டேன். காரணம்தான் பிடிபடவில்லை. ஜெர்மனியில் வெள்ளிக்கிழமை என்ன விசேஷம் என்று அங்கே யாரையாவது விசாரித்து எழுதவும்.

போன சனிக்கிழமை ஒத்திகை பார்க்கலாம்னு உங்க அத்தையைப் பின் சீட்டுல படுக்க வெச்சு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். பார்டர்ல லாரி அடைச்சுக்கிட்டு நிக்குது, இது கத்துது, வைப்பர் ஆடுது, பக்கத்து லாரிக்காரன் எட்டிப் பார்த்து அத்தைக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு அவனும் ஹாரன் அடிச்சு வழி கேட்கறான். உங்க அத்தை எழுந்து உட்கார்ந்து, "இந்தாங்க, நிறுத்துங்க, இன்னுங் கொஞ்ச நேரம் போனா எனக்கே வலி வந்துரும் போலருக்கு"ன்னா. பாதியிலயே திரும்பிட்டோம்.

சிரிக்காதீங்க மாப்பிள்ளை. மனசுல இருக்கறதைச் சொல்லிடறேன். ஸ்வாதி பிறந்தன்னைக்கு நான் ஷிஃப்டுல இருந்தேன். பேச்சி ராயக்கோட்டையிலிருந்து வந்த தக்காளி லாரியை நிறுத்தி, டிரைவர் பக்கத்துல உட்கார்ந்து ஒத்தையாத்தான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தா. நான் போனப்ப எல்லாம் முடிஞ்சு குழந்தை தூங்கிட்டு இருந்துச்சு. உங்க அத்தை ஒரு நாள் கூட அதைச் சொல்லிக் காட்டினதில்லை, அதனாலயே எனக்கு மறக்கலை. இந்தத் தடவை நானே ஓட்டணும், நானே கொண்டுபோய்ச் சேர்க்கணும்னு இருந்தேன். ஆனா இந்த வண்டி ஆபத்து ஆபத்துன்னு கத்தும்போது எது நிஜம், எது பொய்னு எனக்குத் தெரியலை. பின் சீட்டுல என் பொண்ணு வலியில இருக்கும்போது இது கத்துனா நான் பிரேக்கை மிதிக்கறதா, வேணாமா? எனக்குப் பயமா இருக்கு மாப்பிள்ளை.

ஆகவே தீர ஆலோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். வலி வந்தால் பக்கத்துத் தெரு சக்தியின் டாக்சியில் போவது. உங்கள் காரை நான் இனித் தொடுவதாக இல்லை, வெள்ளிக்கிழமை பொட்டு வைப்பதோடு சரி. ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அதை விற்றுவிடவும். அந்த ஜுபைர் பயலிடம் இனி எந்த வேலையும் கொடுக்க வேண்டாம். தங்கள் மனம் நோக எழுதியிருந்தால் வயசானவன் என்று பொறுத்துக்கொள்ளவும். வேளாவேளைக்குச் சாப்பிடவும், குளிரில் காதைக் கட்டிக்கொள்ளவும். சீரும் சிறப்புமாகப் பல்லாண்டு வாழ அத்தையும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாமனார்
சௌந்தரராஜன்

பின்குறிப்பு (சனிக்கிழமை, ஆஸ்பத்திரி வராந்தா): மேலே எழுதியிருப்பதில் வாழ்த்தைத் தவிர வேறெதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பொண்ணு பிறந்தது உங்களுக்குப் போன்லயே தெரியும். தெரியாததை எழுதறேன். நேத்து வெள்ளிக்கிழமை, எட்டு மணிக்குப் புதுசாப் பொட்டு வெச்சு முடிச்சுக் கையைக் கழுவறேன், ஸ்வாதி நிலையைப் பிடிச்சுக்கிட்டு "அப்பா"ங்கறா. சக்திக்குப் போன் போட்டா கல்யாணப் பார்ட்டியோட சிங்காரப்பேட்டையில இருக்கானாம். வண்டியை ஸ்டார்ட் பண்ணேன், தெருவே கேட்கற மாதிரி கத்துது. வேற வழி தெரியாம, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுன்னு கூட யோசிக்காம ஜுபைருக்கு அடிச்சேன். அஞ்சே நிமிஷத்துல பைக்ல வந்து நின்னான். வண்டியைப் பார்த்தான், ஸ்வாதியைப் பார்த்தான். "அண்ணே, மன்னிச்சுக்கங்க. அக்கா, நீங்களும்"னு உங்க அத்தைகிட்டயும் சொல்லிட்டு என் பக்கெட்டைத் தூக்கி வண்டி மேல ஊத்தி, எட்டுப் பொட்டையும் அந்தக் கண்ணையும் முத்திரையையும் கண்ணாடியையும் வழிச்சுத் துடைச்சான். கத்தல் நின்னுடுச்சு மாப்பிள்ளை. ஒரு சத்தமில்லை. வைப்பர் படுத்துருச்சு, டிவியில எங்க கேட் பளிச்சுன்னு தெரியுது. நான் வெச்ச வட்டம் அத்தனையும் சென்சாராம், அந்தக் கண் கேமராவாம், முத்திரைக்குப் பின்னாடி ரேடாராம்!

"ஏன்டா, தெரிஞ்சா மொதல்லயே சொல்லக் கூடாதா?"ன்னேன். "சாமிக்கு வெச்ச பொட்டைத் துடைங்கன்னு நான் எப்படிண்ணே சொல்றது? மனசு சங்கடப்படுவீங்கல்ல. அதான் கழுவுங்க, கழுவுங்கன்னே சொன்னேன்"ங்கறான். உங்க அத்தை, "சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது, பஞ்சாயத்தை வந்து வெச்சுக்கோங்க, மொதல்ல வண்டியை எடுங்க"ன்னு அதட்டினா.

நான்தான் ஓட்டினேன். ஜுபைர் பக்கத்துல உட்கார்ந்தான். பார்டர் கிட்ட ஸ்வாதி ஒரு சத்தம் போட்டா, என்னையறியாம ஒரு நொடி திரும்பிப் பார்த்துட்டேன். முன்னால போன லாரி சட்டுனு நின்னுருச்சு போல. வண்டி கீன்னு ஒரே ஒரு தடவை கத்தி தானே பிரேக் போட்டு, ஒரு முழம் தள்ளி நின்னுச்சு. அஞ்சு வாரத்துல அது கத்தினதுல நிஜம் அது ஒண்ணுதான். அதை விக்கிற பேச்சு இனி வேண்டாம். அந்த வெள்ளிக்கிழமை சார்ட்டையும் கிழிச்சுட்டேன்.

வராந்தாவுல வெச்சு ஜுபைர்கிட்ட, நாலு பேர் முன்னாடி கேட்டதுக்கு நாலு பேர் முன்னாடியே மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே, டீ குடிப்போம்"னுட்டான். இன்னைக்குக் குழந்தையைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்ததும் உங்க அத்தை மைச் சிமிழை எடுத்துக்கிட்டு திருஷ்டிப் பொட்டு வைக்கப் போனா. "இரு, இரு, அவசரப்படாத, ஜுபைரைக் கேட்டுட்டு வை"ன்னு தடுத்துட்டேன். அவன் துண்டுல கையைத் துடைச்சுக்கிட்டு, குனிஞ்சு, உங்க மகளை ரெண்டு பக்கமும் நிதானமாப் பார்த்துட்டுச் சொன்னான், "கன்னத்துல வைங்கக்கா. அங்க எதையும் மறைக்காது."