மிளகாய்க் கிடங்கில் என் காய்ச்சல்

உத்திரமேரூர்,
மே 2004

அன்பு மருமகள் சாய்ராவுக்கு மாமா அத்தாவுல்லாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், என் மூக்கு ஒன்றைத் தவிர. பெங்களூரில் நீயும் உன் சோதனைச்சாலை எலிகளும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன்.

விஷயம் இதுதான்: உன் படிப்பைக் காப்பாற்றிவிட்டேன். போன வாரம் உன் வாப்பா, அதாவது என் அருமை மச்சான் ஜமீர், கடைக்கு வந்து, "ரத்தத்துக்குள்ள கதவு கீதாம், சூடு பட்டா தொறக்குதாம், அத்தப் பாக்க ஒரு படிப்பாம். போதும், இட்டாந்து நிக்காஹ் பண்ணிடறேன்" என்றார். நீ போனில் அழுதது எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு எனக்கோ நல்ல காய்ச்சல். காய்ச்சல்காரனுக்கு ரோஷம் ஜாஸ்தி. "மாத்திரை போடாம இந்தக் காய்ச்சல எறக்கிக் காட்டறேன். எறங்கினா அவ படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். மச்சானும் சரியென்று என் கையில் அடித்து ஒப்புக்கொண்டார்.

நீ சொன்னது எனக்கு மனப்பாடம். உடம்பு சூடேறினால் வெள்ளையணுவின் மேலிருக்கும் பொடிக் கதவுகள் திறந்து, சுண்ணாம்புச்சத்து உள்ளே பாய்ந்து, அணு விழித்துக்கொண்டு கிருமியைத் துரத்தும். அந்த மாதிரிக் கதவு ஒன்று மிளகாய்க் காரத்துக்கும் திறக்கும். மிளகாய் வியாபாரிக்கு இதற்கு மேல் சொல்லியா தர வேண்டும்? தகரக் கூரை போட்ட நம் கிடங்கில், கத்திரி வெயிலில், மிளகாய் மூட்டைகள் நடுவே கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தும்மினேன் பாரு, ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். தும்மலுக்கு ஒரு கதவு திறக்கிறதென்று நினைத்துக்கொண்டேன். மூட்டை எடுக்க வந்த செங்கேணி, "மொதலாளி அழுதுகினு கீறாரு" என்று பஜார் முழுக்கச் சொல்லிவிட, கடை நொடித்துவிட்டதென்று நாலு பேர் ஆறுதல் சொல்ல வந்து, நெடி தாங்காமல் அவர்களும் அழுதுவிட்டுப் போனார்கள். உன் மாமி சபுரா மட்டும், "இன்னாங்க இது பேஜாரு, காய்ச்சல்ல குந்திக்கினு மொளகாய்க்குக் காவலா?" என்று திட்டிக்கொண்டே வேளாவேளைக்கு இஞ்சி டீ கொண்டுவந்து, கசக்கிறதென்றாலும் விடாமல் குடிக்க வைத்தாள்.

காய்ச்சல் பறந்துவிட்டது! மச்சான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் எல்லார் முன்னாலும், "அவ இஷ்டத்துக்குப் படிக்கட்டும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். உன் வாத்தியாரிடம் சொல், ஆதாரம் உத்திரமேரூரில் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உனக்கு எல்லாக் கதவுகளையும் திறக்கட்டும்.

துஆவுடன்,
மாமா அத்தாவுல்லா

பி.கு.: உறையை ஒட்டும் முன் மாமிக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துப் புரையேறி, "டீ ஏன் கசந்துச்சின்னு நெனச்சீங்க? வேளைக்கு ஒரு காய்ச்சல் மாத்திரையப் பொடி பண்ணிப் போட்டேன்" என்கிறாள். வாத்தியாரிடம் எதுவும் சொல்லாதே. மச்சானிடம் மூச்சே விடாதே. காய்ச்சலை இறக்கியது கதவா, மாத்திரையா, சபுராவா என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்காமல் நீ ஊர் திரும்பவே கூடாது.