கடைசிப் புதரும் வருகைப் பதிவேடும்

உலகம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை எந்தச் செடிக்கும் இவ்வளவு பாதுகாப்பு கிடைத்ததில்லை என்பதை, அரிய தாவரப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர் என்ற முறையில் அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

மழைக்காட்டுக்குள் நின்ற புதர் அது. இடுப்பளவு உயரம். லவங்கப்பட்டைக்கும் பிரிஞ்சி இலைக்கும் பங்காளி முறை. இலையைக் கசக்கினால் கையில் இரண்டு நாள் வாசம் நிற்கும். அந்த இனத்தில் எஞ்சியது அது ஒன்றுதான். சுற்றிலும் முள்கம்பி போட்டோம், பலகை நட்டோம், ஒரு காவலரை நியமித்தோம். கம்பிக்கு உள்ளேயே தகரக் கொட்டகை. அதில் அவர், மனைவி, இரண்டு பெண்கள். செடி இருக்கும்வரை வேலை, வேலை இருக்கும்வரை கொட்டகை.

கம்பிக்குள் யார் வந்து போனாலும் பெயர், நோக்கம், கொண்டு சென்ற பொருள் மூன்றையும் பதிவேட்டில் எழுதி வாங்கச் சொல்லியிருந்தேன். ஆள் கறார். என்னிடமே எழுதி வாங்கினார்.

செடி உண்மையிலேயே அரியதுதானா என்று உறுதிசெய்ய, தாவரவியல் பேராசிரியர் பூவோடு மூன்று கிளை கேட்டார். பேரம் பேசி இரண்டுக்கு முடித்தேன். அவற்றைச் செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைத்து அட்டையில் தைத்தார். தலைமையகம் ஒரு நகல் கேட்டது. செடிக்கு ஜெராக்ஸ் கிடையாதே. இன்னொரு கிளை போயிற்று. ஆய்வகத்துக்குப் பட்டை, விதை வங்கிக்கு அத்தனை காய்களும். செடி ‘நலமாக’ இருக்கிறது என்ற மாத அறிக்கையோடு ஆதாரமாக ஒரு கைப்பிடி இலை.

ஒருநாள் காவலர் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

“சார், இனிமே யாரையும் அனுப்பாதீங்க. நாலு இலைதான் இருக்கு.”

“எண்ணிப் பாத்தீங்களா?”

“காலைல அஞ்சு இருந்துச்சு சார். அப்புறம் நம்ம குழுத் தலைவர் ஐயா வந்துட்டுப் போனாரு.”

அவசரக் கூட்டம் போட்டோம். செடி ஆபத்தில் இருக்கிறது என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. காட்டில் விட்டுவைத்தால் யாராவது வந்து பறித்துவிடுவார்கள் என்று தலைவர் கவலைப்பட்டார். நானே போய் வேரோடு எடுத்துவந்தேன். ஏசி அறையில் ஒன்பது நாள் பத்திரமாக இருந்தது. பத்தாம் நாள் அதையும் அட்டையில் தைத்தோம்.

பிறகு மேலிடம் கேட்டது: செடியை அழித்தது யார்? விசாரணை அதிகாரியாக என்னையே போட்டார்கள்.

கொட்டகைக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினேன். முப்பத்தொரு வருகை. ‘நோக்கம்’ என்ற இடத்தில் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் எழுதியிருந்தோம்: பாதுகாப்பு. திருட்டு என்று ஒருவர்கூட எழுதவில்லை. ஆக, வந்தவர்கள்மேல் குற்றம் இல்லை. மிச்சம் இருந்தவர் காவலர் ஒருவர்தான். பணிநீக்க உத்தரவை நீட்டினேன்.

அவர் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் போட ஆரம்பித்தார். காவலர் உத்தரவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“நானும் கம்பிக்குள்ளேருந்துதானே சார் வெளிய போறேன். எழுதிடுறேன்” என்று என் பேனாவை வாங்கினார்.

பெயர்: காவலர். நோக்கம்: வேலை. கொண்டு சென்ற பொருள்: ஒன்றுமில்லை.

பதிவேடு முழுவதையும் மறுபடி புரட்டினேன். அதில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதியிருந்தவர் அவர் ஒருவர்தான். பேனாவையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.