எட்டாம் வரிசைக்கு மருந்து வைத்தது யார்?

திருக்காட்டுப்பள்ளி,
12.9.1997

மதிப்பிற்குரிய ரெமிஜியஸ் மாமாவுக்கு, ஜோஸ்வா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே சகாயம்மாள் அத்தையும் பிரின்ஸியும் நலம். குவைத் வெயிலில் உங்கள் நலமறிய ஆவல். நலம் விசாரித்தாயிற்று, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் உங்கள் வாழைத்தோப்பைக் கூன்வண்டு கிழங்கோடு குடைந்து சாய்த்தது. "அக்ரி படிச்சவன்தானே, உன் மருந்து வேலை செய்யுதுன்னு நிரூபிச்சுக் காட்டு, தோப்பை நீயே பாத்துக்க. இல்லேன்னா செங்கல் சூளைப் பஞ்சநதத்துக்கு வித்துட்டு உன்னை இங்க இழுத்துக்குவேன்" என்று போனில் சொன்னீர்கள். நிரூபிக்க என்ன வேண்டும்? ஒரு வரிசையை மருந்தே வைக்காமல் விடவேண்டும். அது விழுந்து மற்றவை நின்றால் மருந்து வேலை செய்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். அத்தைக்குப் புரியவில்லை. இருபது வரிசையில் எட்டாவதை விட்டுவிட்டு, பத்தொன்பதுக்கு மட்டும் குருணை மருந்தை அளந்து கொடுத்து, மணலில் கலந்து, தூரைச் சுற்றி வைத்து மண் அணைக்கும்படி தோப்பு வேலை பார்க்கும் வீரையனிடம் சொல்லிவிட்டு உரக்கடைக்குப் போனேன். வந்து பார்த்தால் எட்டாவதிலும் மண் கிளறியிருக்கிறது!

"ஏன்டா, பந்தியில எல்லாருக்கும் சோறு போட்டுட்டு நடுவுல ஒருத்தன் இலையை மட்டும் காலியா விடுவாங்களா? நான்தான் வீரையனை வைக்கச் சொன்னேன்."

"அத்தை, அது விருந்து இல்ல, விஷம்!"

"எதுவா இருந்தா என்ன, சமமா வைக்கணும்."

வீரையன் வரப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆறு மாசம் ஆச்சு மாமா, ஒரு மரம் சாயல. இருபது வரிசையும் ஜம்முனு நிக்குது. எனக்குத்தான் வயித்தெரிச்சல். மருந்து காப்பாத்துச்சா, இல்ல இந்த வருஷம் வண்டே வரலையான்னு பஞ்சநதம் கேக்கறார், நான் என்னத்தச் சொல்ல? அத்தாட்சி இல்லை. என் வார்த்தையை நம்பித் தோப்பை விற்காமல் இருங்கள். நம்பிக்கை வராவிட்டால் விசாவை அனுப்புங்கள். பாலைவனத்தில் அத்தையாவது மருந்து வைக்க வரமாட்டார்.

மாதா உங்களைத் தலைவலி, முதலாளி இரண்டிலிருந்தும் காக்கட்டும்.

தங்கள் மருமகன்,
ஜோஸ்வா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது வீரையன் ஓடி வந்தார். நேற்றைய காற்றில் ஒரு வரிசை மொத்தமாகச் சாய்ந்துவிட்டதாம். போய்க் கிழங்கைப் பிளந்தேன், உள்ளே புழு நெளிகிறது. "தம்பி, திட்டாதீங்க. எட்டாவதுக்கு வச்சதுல கடைசி வரிசைக்கு மருந்து பத்தல. அம்மாவுக்குத் தெரிஞ்சா சும்மா விடமாட்டாங்கன்னு வெறும் மணலை வச்சு மூடிட்டேன்." மாமா, அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்! பத்தொன்பது நிற்கிறது, ஒன்று விழுந்தது. இதைவிட அத்தாட்சி எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. விசா வேண்டாம். விழுந்த அந்தக் கடைசி வரிசை எது என்று கேட்பீர்கள். கிணற்றோரம், கிறிஸ்துமஸுக்கு வந்து உங்கள் கையாலேயே முதல் தார் வெட்டுவதாகச் சொல்லிவைத்தீர்களே, அந்தப் பூவன் வரிசைதான். அத்தைக்கு இன்னும் தெரியாது, நீங்களே எழுதிவிடுங்கள்.