நாற்பத்தொரு சிவப்புப் பொட்டு

மேடும் பள்ளமும் மட்டுமே உள்ள ஒரு நாடு இருந்தது. மேட்டில் பெய்த மழை பள்ளத்துக்கு வரும். பள்ளத்தில் போட்ட ஓட்டு மேட்டுக்குப் போகும். இரண்டுக்கும் நடுவே வேறு போக்குவரத்து அதிகம் கிடையாது.

நாட்டின் பெயர் நிறைமேடு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அங்கே தேர்தல் நடக்கும், அரசரே ஜெயிப்பார். அந்த முறை, "இனி நகரை நான் திட்டமிட மாட்டேன், மக்களே திட்டமிடுவார்கள்" என்று சொல்லி ஜெயித்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றப் படத்துறை என்று ஒரு துறையைத் தொடங்கி, வண்ணமுத்தர் என்பவரை அமைச்சராக்கினார். மனுவைப் படித்தால் தலை வலிக்கும், எண்களைப் பார்த்தால் தூக்கம் வரும், நிறமாகப் பார்த்தால்தான் நாடு புரியும் என்பது வண்ணமுத்தரின் கொள்கை. அவர் கொலுமண்டபத்தின் தரை முழுக்க நகரத்தைப் படமாக வரையச் செய்தார். குறையுள்ள வீட்டுக்குச் சிவப்பு, குறையற்ற வீட்டுக்குப் பச்சை என்று விதித்து, வீடு வீடாக ஆள் அனுப்பினார்.

பள்ளச்சேரியில் அஞ்சுகம் அதைக் கேள்விப்பட்டு மகிழ்ந்தாள். தென்னந்துடைப்பம் கட்டி மேட்டுத் தெருக்களில் விற்பவள் அவள். சேரிக்கு இருந்தது ஒரே கிணறு. அதன் பக்கத்தில் ஓடிய சாக்கடை முன்பு ஆற்றில் போய் விழும். அது விழும் வாயை மேட்டுக்காரர்கள் மண் போட்டு மூடிப் பூங்கா வைத்துவிட்டார்கள். அன்று முதல் சாக்கடை தேங்கிக் கிணற்றுக்குள் கசிந்தது. போன மழைக்காலத்தில் அவளுடைய சின்னப்பிள்ளை வாந்தியும் பேதியுமாக இரண்டே நாளில் போய்விட்டது. மிச்சம் இருந்தது எட்டு வயது வடிவு மட்டும். அடுத்த மழைக்குள் அந்த வாயைத் திறந்துவிட்டால் போதும், அஞ்சுகத்துக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஆனால் வாசலேறி வந்தவரிடம் வீட்டின் இல்லாமையைச் சொல்வது பள்ளச்சேரியில் வழக்கமில்லை. படத்துறை ஆட்கள் வந்ததும் பாய் விரித்தார்கள். பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்கி வந்து காப்பி போட்டார்கள். வந்தவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, குறை ஏதும் உண்டா என்று கேட்டார். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வந்தது. அஞ்சுகத்தின் நாக்கும் அவளை முந்திக்கொண்டது.

"ஐயா புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்க. இன்னொரு வாய் குடிங்க."

மேட்டில் வந்தவர்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நிற்க வைத்தே குறை சொன்னார்கள். தெருவிளக்கு மஞ்சளாக எரிகிறது, பூங்காவில் நீரூற்று இல்லை, குயில் நேரங்கெட்ட நேரத்தில் கூவுகிறது. ஆகவே படத்தில் மேடு சிவந்து கிடந்தது. பள்ளச்சேரியோ நாற்று நட்ட வயல்போல் பச்சையாக இருந்தது.

முதல் ஆணை பிறந்தது: பச்சைப் பகுதிக்குச் செலவு செய்வது வீண். சேரியின் சாக்கடையைத் தள்ளிவந்த இரண்டு துப்புரவு ஆட்களும் மேட்டுக்கு மாற்றப்பட்டார்கள். அங்கே ஏழு நீரூற்றுகள் கட்டினார்கள். அந்த ஏழின் கழிவுநீரும் பள்ளத்துக்கே இறங்கியது. கிணற்றுத் தண்ணீர் இப்போது வடிகட்டினாலும் நாறியது.

அஞ்சுகம் துடைப்பச் சுமையை இறக்கிவைத்துவிட்டு அமைச்சரைப் போய்ப் பார்த்தாள். குறை இல்லை என்று தெரியாமல் சொல்லிவிட்டோம், மாற்றி எழுதுங்கள் என்று கெஞ்சினாள். வண்ணமுத்தர் மிகவும் கனிவாகப் பேசினார்.

"தாயே, நீங்கள் சொன்னதை நான் அழித்தால் அது மக்களை அவமதிப்பதாகும். பங்கேற்பு நாள் வைக்கிறோம். நேரில் வந்து உங்கள் கையாலேயே பொட்டு வையுங்கள்."

பங்கேற்பு நாளுக்கென இரண்டாம் ஆணை வந்தது. படம் தரையில் இருப்பதால் சுத்தமான காலோடு வருபவர்களுக்கே அனுமதி. வராதவர்கள் எல்லாவற்றுக்கும் சம்மதித்தவர்களாகக் கருதப்படுவார்கள்.

சேரியிலிருந்து வெளியேற வேண்டுமானால் முழங்கால் அளவு சாக்கடையைத் தாண்ட வேண்டும். அதைத் தாண்டிய கால் சுத்தமாக இருக்காது. அது தெரிந்துதான் ஆணை போட்டார்களா, தெரியாமல் போட்டார்களா என்று சேரியில் இன்றுவரை வாதம் நடக்கிறது. இரண்டில் எது கேவலம் என்பதிலும் முடிவு ஏற்படவில்லை.

பந்தல்காரன் பேச்சிமுத்து தன் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்து சாக்கடைக்குக் குறுக்கே போட்டான். "கதவு வச்சுப் பூட்டுறதுக்கு உள்ள என்ன இருக்கு, நடங்க" என்றான். நாற்பத்தொரு பேர் கடந்தபோது கதவு இரண்டாகப் பிளந்தது. மற்றவர்கள் அக்கரையிலேயே நின்று சம்மதித்தவர்களானார்கள்.

மண்டபத்தில் நாற்பத்தொரு பேரும் படத்தில் கிணற்றைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். பூங்காவில் ஒன்று, சாக்கடையில் ஒன்று என்று பிரித்து வைத்திருக்கலாம். ஆனால் கிணறுதான் போகிறது என்றால் வேறெங்கே வைப்பது? எல்லாரும் அங்கேயே வைத்தார்கள். இடம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, சிவப்புப் பொட்டுகள் வெட்டுக்காயம்போல் ஒரே திட்டாகின. அஞ்சுகம் கடைசியாக வைத்து, பெருவிரலால் அழுத்திவிட்டு வந்தாள். அன்று வடிவுக்கு, ராசா பார்த்துவிடுவார் என்று சொல்லிச் சோறு ஊட்டினாள்.

அரசர் பார்க்கத்தான் செய்தார். மறுவாரம் அண்டை நாட்டுத் தூதர்கள் படத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. இதென்ன ரத்தக்கறை மாதிரி, என்றார். வண்ணமுத்தர் கைகட்டி நின்றார்.

"மன்னவா, நாட்டிலேயே அதிகப் பங்கேற்பு அந்த இடத்தில்தான். மக்கள் இவ்வளவு அக்கறை காட்டும் இடம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டாமா? நீலம் கொடுத்துவிடலாம்."

நீலம் பூசினார்கள். தூதர்கள் ஏரி அழகாக இருக்கிறது என்றார்கள். இல்லாத ஏரியைக் காட்டி ஏமாற்றியதாக நாளை யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா? மூன்றாம் ஆணை பிறந்தது: தரை படத்துக்குப் பொருந்துமாறு சரிசெய்யப்படும். மேட்டின் பன்னிரண்டு வாய்க்கால்களும் பள்ளச்சேரிக்குத் திருப்பப்பட்டன. ஏரிக்குள் குடியிருப்பவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் என்று தண்டோரா போட்டார்கள்.

அஞ்சுகம் மறுபடி ஓடினாள். தன் பொட்டு இருந்த இடத்தில் நீலத்தைப் பார்த்தாள்.

"எங்க கெணறு எங்கீங்க?"

"ஏரிக்குள் கிணறு எதற்கு, தாயே?" என்றார் வண்ணமுத்தர்.

மழை வந்தது. படத்துக்கும் தரைக்கும் ஒரு விரற்கடை வித்தியாசம்கூட இல்லை என்று துறை அறிக்கை சொன்னது. கிணறு எங்கே முடிகிறது, சாக்கடை எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கூரையில் ஏறி உட்கார்ந்தவர்கள் அந்தத் தண்ணீரையே குடித்தார்கள். பேதி கண்டது. பத்து நாளில் பதினேழு பேர் போனார்கள்.

தண்ணீர் வடிந்ததும் அஞ்சுகம் குறைகேட்பு அலுவலகத்துக்குப் போனாள். குமாஸ்தா நாவுக்கரசு கெட்ட மனிதனில்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னான். யார் மேல் புகார் என்று கேட்டான். இந்தத் திட்டத்தைப் போட்டவன் மேல் என்றாள். அவன் பதிவேட்டைப் புரட்டினான்; பிறகு வெளியே அழைத்துப்போய், புதிதாக நட்டிருந்த கல்வெட்டைக் காட்டினான். 'ஏரித் திட்டம். வகுத்தோர்: பொதுமக்கள்' என்று வெட்டி, கீழே நாற்பத்தொரு பெயர்கள் இருந்தன.

"போட்டது நீங்கதாம்மா. இதோ, கடைசி வரியில உங்க பேரு. உங்க மேலயே எப்படிப் புகார் எழுதுறது?"

அவளுக்குப் படிக்கத் தெரியாது. முழுவதையும் வாசிக்கச் சொன்னாள். அவன் வாசித்தான். ஒவ்வொரு பெயருக்கும் அவள் தலையசைத்துக்கொண்டே வந்தாள். பேச்சிமுத்துவின் பெயர் வந்தபோது மட்டும் அசைக்கவில்லை; அவனை வெள்ளம் முதல் நாளே கொண்டுபோயிருந்தது. கல்லின் அடியில் ஒரு முழம் இடம் வெறுமையாக இருந்தது.

"அப்ப செத்தவங்க பேரையும் அதுல வெட்டுங்க," என்றாள். "அவங்க மட்டும் பங்கெடுக்கலியா?"

நாவுக்கரசு யோசித்தான். விதியில் தடை எதுவும் இல்லை. உள்ளே போய்ப் படிவம் எடுத்து வந்து, பெயர்களைச் சொல்லச் சொன்னான்.

அவள் முதலில் வடிவு என்றாள்.

"வயசு?"

"எட்டு."

பேனா ஒரு கணம் நின்றது. பிறகு அவன் முகம் மெல்ல மலர்ந்தது.

"சிறுவர் பங்கேற்புன்னு தனியா ஒரு கட்டம் இருக்கும்மா. ரொம்ப நாளா காலியாவே கெடந்துச்சு."

அந்த ஆண்டின் அறிக்கையில் பள்ளச்சேரியில் மக்கள் பங்கேற்பு நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தெட்டாக உயர்ந்தது. படத்தில் அதைப் பச்சை நிறத்தில் காட்டினார்கள்.