கேசட் கேட்டுக் கருத்துச் சொல்கிறவர்

காது உள்ளவர்கள் எல்லாரும் பாட்டுக் கேட்கிறார்கள். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் பாட்டு எப்போது முடியும், எப்போது வாயைத் திறக்கலாம் என்று காத்திருக்கிற ஒரு பிறவி உண்டு. பாட்டு அவருக்கு ஓர் இடைஞ்சல். கருத்துதான் முக்கியம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். ஆவடியில், கோவில்பதாகைக்குப் போகிற வழியில், தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்தவருக்குப் பெயர் கஜபதி.

அவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். பாட்டு தொடங்கியதும் கண்ணை மூடுவார். கால் கட்டைவிரல் ஆடும். தாளத்தோடுதான் ஆட வேண்டும் என்று அதற்குக் கட்டாயம் இல்லை. பாட்டு முடிந்ததும் உடனே கண்ணைத் திறக்க மாட்டார். 'ப்ச்' என்று ஒரு சத்தம் வரும். அது பாராட்டா, துக்கமா? அது அந்த நேரத்தில் அவருக்கே தெரியாது. பிறகு மெல்லச் சொல்வார்: "நல்லாத்தான் கீது. ஆனா ஒண்ணு."

அந்த 'ஆனா ஒண்ணு'க்குத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டில் கூட்டம் கூடியது. கூட்டம் என்றால் இரண்டு பேர். ஒருவர் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் பரம்பரை நிலம் வைத்திருந்து, இப்போது தொழிற்சாலையில் கஜபதியோடு வேலை பார்க்கும் கோதண்டம். இன்னொருவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து அடுத்த பிளாக்கில் குடியிருக்கும் அய்யாசாமி. அவர்கள் வந்து உட்கார்ந்ததும் கஜபதி டேப்ரிக்கார்டரின் மூடியைத் திறந்து, பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்து, பச்சைக் குழந்தையின் காதைத் துடைப்பதுபோல் ஹெட்டைத் துடைப்பார். கேசட்டைப் பால்பாயிண்ட் பேனாவில் மாட்டிச் சுற்றுவார். காற்றாடிச் சத்தம் பாட்டில் கலக்கும் என்று மே மாத வெயிலிலும் காற்றாடியை நிறுத்துவார். கடைசியாக அடுக்களைப் பக்கம் திரும்பி, "சுசீ, குக்கர் வெச்சிடாதே" என்பார்.

சுசீலா வைக்க மாட்டாள். பாட்டு முடிகிறவரை அடுக்களைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குவாள். திரையின் ஓரத்து இடைவெளியில் மூன்று முகமும் தெரியும். பாட்டைக் காட்டிலும் அந்த முகங்களைப் பார்ப்பதில்தான் அவளுக்கு ருசி.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அதுவும் ருசிக்கவில்லை. காரணம், அவள் தம்பி கங்காதரன். திருமழிசைத் தொழிற்பேட்டையில் லேத்து வேலை. மற்ற நேரமெல்லாம் கிடார். ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலைத் திடலில் நடக்கும் கச்சேரியில் ஒருமுறையாவது வாசித்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை. விழாக் கமிட்டியில் பாட்டு விஷயத்தில் கஜபதி சொன்னால் சொன்னதுதான். போன மாதம் அக்காள் புருஷன் முன்னால் வந்து உட்கார்ந்து வாசித்தான். கஜபதி கண்ணைத் திறந்து, "நல்லாத்தான் கீது. ஆனா ஒண்ணு. விரல் ஓடுது, உள்ளே வலி இல்ல" என்றார். பையன் சாப்பிடாமல் எழுந்து போனான். கிடாரை யாருக்காவது கொடுத்துவிடப் போவதாக அம்மாவிடம் சொன்னானாம். அதற்குப் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை.

அன்றைக்கு வந்திருந்தது புதுக் கேசட். கப்பலில் வேலை பார்க்கும் ஒருவரிடம் இரவல் வாங்கி, ரயில் பாதையை ஒட்டியிருந்த சம்பத்தின் ரெக்கார்டிங் கடையில் தொண்ணூறு நிமிஷக் கேசட்டில் பிரதி எடுத்தது. அந்தப் பக்கத்துக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. காசு கொடுத்த டேப்பில் காலியிடம் இருந்தால் வாடிக்கைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் கடைக்காரர் கையில் கிடைத்ததைப் போட்டு மிச்சத்தை நிரப்பிவிடுவார். சம்பத் கடைக் கேசட்டில் பக்திப் பாட்டு முடிந்த கையோடு கிரிக்கெட் வர்ணனை கேட்டவர்கள் ஆவடியில் உண்டு.

கஜபதி இரவல் கேசட்டின் அட்டையை உயர்த்திக் காட்டினார். தொப்பி வைத்த தாடிக்காரர்கள் வரிசையாக நின்றார்கள்.

"அமெரிக்காவுல பல பேர் பாடினதைப் பொறுக்கி ஒண்ணா சேர்த்தது. ஒரு பக்கம் அவுட்லா கன்ட்ரி. சட்டத்துக்கு அடங்காதவன் பாடுற நாட்டுப்புறப் பாட்டு. மறுபக்கம் சதர்ன் ராக். தெக்கத்தி ராக்."

"தெக்கத்தியா? நாங்கதாம்வே தெக்கு. எங்க ஊர்ப் பாட்டு எப்பம்வே அமெரிக்கா போச்சு?" என்றார் அய்யாசாமி.

"அமெரிக்காவுக்குத் தெக்கு, அய்யாசாமி. பேசாம கேளு."

கேட்டார்கள். முதல் பாட்டில் டிரம் அதிகம் என்று தீர்ப்பாயிற்று. இரண்டாவதில் டிரம் போதாது. மூன்றாவதில் டிரம் சரிதான், ஆனால் பாடுகிறவனுக்கு அட்டையில் தாடி குறைவாக இருந்ததால் குரலில் உண்மை இல்லை. நான்காவது ஆள் இடுப்புவரை தாடி வைத்திருந்ததால் அவன் இருமியதுகூட ஆத்மாவிலிருந்து வந்தது. மொத்தப் பாட்டிலும் அவர்களுக்குப் புரிந்த சொல் 'பேபி' ஒன்றுதான். அது போதாதா?

"இவன் பொண்டாட்டி ஓடிப்போயிட்டா மாமே," என்றார் கோதண்டம்.

"உனுக்கு எப்படித் தெரியும்?"

"பேபின்னு இன்னா இழு இழுக்கிறான் பாரு. கூடக் குடித்தனம் பண்றவளை எவனாவது இப்படிக் கூப்பிடுவானா?"

மறுபக்கத்தில் ஒரு கிடார் நெடுநேரம் ஓடியது. அய்யாசாமி தூங்கி, விழித்து, "இன்னும் அதே பாட்டாவே?" என்றார். அதுதான் அதன் பெருமை என்றார் கஜபதி.

பிறகு வந்தது கடைசிப் பாட்டு. அதில் வார்த்தையே இல்லை. ஒற்றைக் கிடார், கூடவே ஓர் ஆணின் முனகல். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"அழுறான்யா!" கஜபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஜெயிலுக்குள்ள உக்காந்து அழுதுகினே வாசிக்கிறான்."

பாட்டுக்குள் எங்கோ தூரத்தில் ஒரு ரயில் ஊதியது.

"கேட்டியா? ரயிலு! தப்பிச்சு சரக்கு ரயில் ஏறி ஓடப் போறான். அவுட்லான்னா இவன்தான்யா அவுட்லா. மீதிப் பேரெல்லாம் வேஷம்."

"எனுக்கு மயிர்க்கூச்செறியுது மாமே," என்றார் கோதண்டம், முழங்கையை நீட்டிக் காட்டி.

அடுக்களையில் சுசீலாவின் கத்தி நின்றுவிட்டது. வருஷம் முழுக்கச் சளி பிடித்த அந்த மூக்கை அவளுக்குத் தெரியாதா? சின்ன வயதில் அவள்தானே முந்தானையால் துடைத்துவிட்டவள்! அந்த ஊதல், அவர்கள் எல்லாரும் தினமும் ரயில்வே கேட் மூடியிருக்கும்போது நின்று கேட்கிற ஆவடி மின்சார ரயிலின் ஊதல்.

"இப்படி ஒருத்தன் கிடைச்சா ஆயுத பூஜை மேடையை அவனுக்கே எழுதிக் குடுத்துடுவேன். முழுக் கச்சேரியும் அவன்தான்," என்றார் கஜபதி. "சத்தியமா."

வெளியாள் இருக்கும்போது திரையைத் தாண்டி வந்து அவளுக்குப் பழக்கமில்லை. வந்துவிட்டாள். கையில் அவரைக்காய் இருந்தது.

"அது நம்ம கங்காதரங்க."

"எது?"

"அந்த ஜெயில்ல இருக்கறவரு. போன வாரம் சம்பத் கடையில மைக் கீதுன்னு போய் வாசிச்சுப் பதிவு பண்ணானாம், அம்மா சொன்னாங்க. அதைப் போட்டு மிச்சத்தை நிரப்பிட்டாங்க போல."

கஜபதி டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். மூக்கு உறிஞ்சியது. ரயில் ஊதியது. அவர் உதடு 'ஆனா' என்று பிரிவதைச் சுசீலா பார்த்தாள்.

"வே, சத்தியம் பண்ணினது நீருதான?" என்றார் அய்யாசாமி. அன்றைக்கு அவர் முழுசாக விழித்திருந்தது அப்போதுதான். "சாட்சிக்கு நாங்க ரெண்டு பேரு இருக்கோம்."

கருத்துக்காரர் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவரை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. கஜபதி கண்ணை மூடினார். 'ப்ச்' என்றார். திறந்தபோது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"அன்னிக்கி நான் ஏன் அவனை அப்படிச் சொன்னேன்? வேணும்னேதான் சொன்னேன். போய் அழட்டும்னு சொன்னேன். பாரு, வலி வந்துடிச்சி!"

"நீ ஞானி மாமே," என்றார் கோதண்டம்.

சுசீலா உள்ளே போய்க் குக்கரை அடுப்பில் ஏற்றினாள். அது விசில் அடித்தபோது கஜபதி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். யாரும் அவளை அதட்டவில்லை.

ஆயுத பூஜையன்று கங்காதரன் மேடையேறினான். முழுக் கச்சேரி என்பது மூன்று பாட்டாகச் சுருங்கியிருந்தது. ஆனாலும் மேடை மேடைதான். கிடாரில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் வாசித்தான். கைதட்டல் அடங்குவதற்குள் கோதண்டம் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சாய்ந்து, "கேசட்டுல கேட்டாப்புல இல்ல. ரயிலு இல்லையே" என்று சொன்னது பின்வரிசைவரை கேட்டது.

சுசீலாவுக்குக் கண்ணெல்லாம் நீர். பக்கத்தில் இருந்த கோதண்டத்தின் மனைவி வசந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் தம்பி எப்படி வாசிச்சான் பாத்தியாக்கா! சொல்லு, எப்படி இருந்திச்சு?" என்றாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் சுசீலாவிடம் பாட்டைப் பற்றிக் கருத்துக் கேட்டார். அவள் கண்ணை மூடினாள். 'ப்ச்' என்று ஒரு சத்தம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"நல்லாத்தான் இருந்திச்சு," என்றாள். "ஆனா ஒண்ணு."

இது தொற்றுகிற சமாசாரம். வாயைத்தான் முதலில் பிடிக்கும். இதை மடித்து வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள்? நல்லாத்தான் இருக்கிறது என்பதோடு நிறுத்திப் பாருங்களேன். முடிகிறதா?