மூடித்திற அண்ணனின் மரம்

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில் எந்தக் கம்ப்யூட்டரும் எங்கள் மூடித்திற அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒழுங்காக ஓடாது. அப்படித்தான் அவர் நம்புகிறார். இரத்தினபுரி டவுனில் சைக்கிள் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். அவர் புரோகிராம் எழுதுவார், நான் போன் எடுப்பேன்.

தேயிலைத் தோட்டங்களுக்காக அவர் எழுதிய புரோகிராமில் திரையின் இடது பக்கம் ஒரு மரம் உண்டு. வேர் உச்சியில் இருக்கும்; ஏன் என்று கேட்டால் கோபப்படுவார். அந்த வேரில் தோட்டத்தின் பெயர், கீழே கிளை கிளையாக டிவிஷன்கள். எதையாவது மாற்றினால் உள்ளே பதிந்துவிடும், மரம் மட்டும் பழைய முகத்தோடு நிற்கும். கிளையை மூடித் திறந்தால்தான் புதியது தெரியும்.

ஓப்பநாயக்கவிலிருந்து போன் வந்தால், "மூடித் தெறங்கய்யா, வந்துரும்" என்பார். எம்பிலிப்பிட்டியவிலிருந்து சிங்களத்தில் கேட்டால், அதையே சிங்களத்தில், "வஹலா அரின்ன மஹத்தயா." நாளடைவில் இந்த வைத்தியம் குடைக்கும் ஃபிரிட்ஜுக்கும் பரவியது. ஒரு நாள் எஹலியகொட பஸ் மழையில் நின்றுவிட, டிரைவரிடம் போய்க் கதவை மூடித் திறக்கச் சொன்னார். பஸ் கிளம்பித் தொலைத்தது. அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியுமா?

"தலை வலிக்குது அண்ணே."

"கண்ண மூடித் தெற தங்கச்சி."

அவர் பிறந்த தோட்டமே புரோகிராமை வாங்க முன்வந்தபோது தலைகால் புரியவில்லை. யாரும் கேட்காமலே தமிழ் பட்டன் ஒன்றை வைத்தார். அமத்தினால் இங்கிலீஷ் பெயர்களெல்லாம் லயத்து வீடுகளில் இருக்கும் தோட்டத்து ஆட்கள் சொல்லும் பெயர்களாக மாறும். தோட்டத்து ஆபீஸில் மேனேஜர் தொரையும் பெரிய கிளாக்கரய்யாவும் கூடப் போன நானும் பார்த்துக்கொண்டிருக்க, அமத்தினார். கிளைகளை மூடித் திறந்தார், டிவிஷன்கள் தமிழில் வந்தன. உச்சியில் மட்டும் "பழைய" என்று ஒரு சொல், பக்கத்தில் மூன்று புள்ளி.

"பழைய என்ன?" என்றார் தொரை. சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"பழைய பாலத்துத் தோட்டம்ங்க. நம்ம ஆளுங்க அப்படித்தான் சொல்றது" என்றார் கிளாக்கரய்யா.

"அப்ப மிச்சம் எங்க?"

அண்ணன் மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். கிளையை மூடினால் அதற்குள் இருப்பவைதான் புதுசாகும். வேர் எதற்குள்ளும் இல்லையே. குட்டையான இங்கிலீஷ் பெயருக்கு அளந்த இடத்திலேயே மரம் தமிழையும் திணித்துக்கொண்டிருந்தது.

"பாதிப் பேரு எதுக்கு? தமிழ் பட்டன எடுத்துருங்க" என்றார் தொரை, கோபமே இல்லாமல். அண்ணன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"ஒரு டீ குடிச்சிட்டு வந்துருங்க தொரை" என்று கெஞ்சி அனுப்பிவிட்டு லேப்டாப்பைத் திறந்தார்.

"பேரு மாறிருச்சு, திரும்ப அளந்துக்கன்னு மரத்துகிட்ட சொல்லணும் தங்கச்சி. ஒரே வரிதான்."

"இது முன்னாடியே தெரியுமா அண்ணே?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் போடல?"

தட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "போட்டா யாரு போன் பண்ணுவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது.

தொரை திரும்பி வந்து பட்டனைத் தானே அமத்தினார். "பழைய பாலத்துத் தோட்டம்" முழுசாக வந்து நின்றது. கிளாக்கரய்யா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். "சரி, இருக்கட்டும்" என்றார் தொரை.

அந்த ஒரு வரி எல்லாத் தோட்டங்களுக்கும் போனது. இனி யாரும் மூடித் திறக்க வேண்டியதில்லை, போன் ஊமையாகிவிட்டது. வேலை செய்கிறதா என்று அண்ணன் அடிக்கடி ரிசீவரைத் தூக்கிப் பார்ப்பார். ஒரு நாள் ஓப்பநாயக்கவிலிருந்து அழைப்பு. "ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாத்தான் இருக்கு. அண்ணே இருக்காரா?"

நேற்று அவர் லீவு. என் திரையில் எந்தக் கோளாறும் இல்லை. காலையிலிருந்து வேலைதான் ஓடவில்லை. கடைசியில் போன் போட்டு, "மரம் சரியா தெரியல அண்ணே" என்று பொய் சொன்னேன்.

"மூடித் தெற தங்கச்சி" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். நானும் மூடித் திறந்தேன், எல்லாம் சரியாகிவிட்டது.